அப்பா வீட்டு வாசலில் ஒரு மேசை

பெரியவள் மஞ்சள் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டாளா இல்லையா என்று ஒரு வாரமாக என்னைத் துளைத்து எடுத்தவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கட்டிக்கொள்ளவில்லை. அவள் கட்டிக்கொள்கிற ஆளா? இத்தனை வாரமாக என்னத்தைப் படித்தீர்கள்?

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. பெரியவள் அந்தத் தீவில் பிறந்தவள். அக்கரையில் பஸ் ஓட்டுகிற ஒருவரை விரும்பி, வீட்டில் ஒத்துக்கொள்ளாததால் ஒரு விடியற்காலைப் படகில் ஏறிப் போனவள். இப்போது அவளும் கண்டக்டர். அவர் ஓட்ட, இவள் விசிலடிக்க, ஒரே பஸ்ஸில் குடித்தனம் நடக்கிறது. மகள் கல்லூரிக்குப் போகும் வயதுக்கு வந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் தீவிலிருந்து அவளுக்கு வந்த வீட்டுச் செய்தி இரண்டே இரண்டு: முதலில் அம்மா போனாள், பிறகு படகு எஞ்சின் மெக்கானிக்கான அப்பாவும் போனார். அதுவும் எல்லாம் முடிந்த பிறகு, மீன் வண்டிக்காரர் ஒருவர் வாய்வழியாக. சொந்தத் தம்பி ஒரு ஃபோன் பண்ணவில்லை.

அந்தத் தம்பிதான் இன்றைக்குத் தீவின் திருவிழாக் குழுத் தலைவன்.

திருவிழா என்றால் சாப்பாட்டுத் திருவிழா. வருஷத்தில் ஒரு நாள், தீவு தன் வாசல்களை அக்கரைக்காரர்களுக்குத் திறந்து வைக்கும். படகுத்துறைத் தெரு நெடுக ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு மேசை. அன்று காலை அந்த வீட்டு அடுப்பில் சமைத்தது மட்டும்தான் அந்த மேசைக்கு வர வேண்டும். வந்தவர்கள் வீடு வீடாகச் சாப்பிட்டுக்கொண்டே போகலாம். சாயங்காலம் மேடையில் ஆட்டம், பாட்டு. வெளியாட்களுக்குக் கையில் மஞ்சள் பட்டை, தீவுக்காரர்களுக்குக் கிடையாது.

ஒரு விதி இருக்கிறது. அடுப்பு எரியாத வீட்டுக்கு மேசை கிடையாது. அடுத்தடுத்து இரண்டு திருவிழாவுக்கு மேசை போடாத வீட்டு வாசல், குழுவின் கைக்குப் போய்விடும். அப்பா போனதால் போன வருஷம் அவர் வாசலில் மேசை இல்லை. இந்த வருஷமும் இல்லை என்றால், அந்த இடம் அக்கரை ஓட்டல் ஒன்றுக்கு. தம்பி ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டான். அதே மீன் வண்டிக்காரர் வாயால் அதைக் கேள்விப்பட்டுத்தான் பெரியவள் மகளோடு படகேறி வந்தாள்.

படகுத்துறையில் பட்டைக் கட்டோடு நின்றவன் தம்பியேதான்.

"வாங்க. பட்டை கட்டிக்கிட்டு வரிசையில நில்லுங்க," என்றான்.

வாங்கவாம். இவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பையன். பெரியவளுக்கு அந்த மரியாதை கன்னத்தில் ஒரு அறை விட்ட மாதிரி இருந்தது.

"யாருடா வெளியாளு?"

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதாங்க."

"சரி, விதிப்படியே வரேன். அடுப்பு எரியற வீட்டுக்கு மேசை உண்டு. அதுவும் உன் விதிதானே?"

"எந்த அடுப்பு எரியுது?"

"அப்பா வீட்டு அடுப்பு. இனிமே எரியும்."

"அது பூட்டிக் கிடக்கு. சாவி எங்கிட்ட," என்றான் அவன். "பின்னால ஆளுங்க நிக்கறாங்க. தயவு செஞ்சு பட்டையக் கட்டுங்க."

பின்னால் நிஜமாகவே இரண்டு படகுக் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தது. பெரியவள் திரும்பிப் பார்த்தாள். தினமும் பார்க்கிற கூட்டம்தான், பஸ் மட்டும்தான் இல்லை.

"வழியில நிக்காதீங்க, முன்னாடி இடமிருக்கு, போங்க போங்க," என்று குரல் கொடுத்தாள்.

அத்தனை பேரும் அப்படியே நகர்ந்தார்கள். கண்டக்டர் குரல் கேட்டால் கால் தானாகப் போகும், நமக்கும் பழக்கம்தானே. மணி அடிக்கும் வரை கூட்டத்தை மறித்துக் கட்டியிருந்த கயிற்றைத் தம்பி பிடிப்பானா, பட்டைக் கட்டைப் பிடிப்பானா? அவன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அம்மாவும் பெண்ணும் தெரு முனையில் இருந்தார்கள்.

பள்ளிக்கூட வாசலில், சாயங்கால ஆட்டத்துக்குப் பிள்ளைகளுக்கு உடுப்பு மாட்டிக்கொண்டிருந்தாள் டீச்சர். டீச்சர் யார் என்று கேட்காதீர்கள், தம்பி மனைவி. வாயில் நாலைந்து ஊக்கு. பெரியவளைக் கண்டதும் ஊக்குகளைத் துப்பிவிட்டு ஓடி வந்தாள்.

"அக்கா, நில்லுங்க." முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சாவியை எடுத்து மகள் கையில் வைத்தாள். "பின்பக்கக் கதவுச் சாவி. முன்கதவு சாவிதான் அவர்கிட்ட இருக்கு. இது இருக்கறதே அவருக்கு மறந்துபோச்சு."

"அவனுக்குத் தெரிஞ்சா உன்ன சும்மா விடமாட்டான்."

"தெரியட்டும்." டீச்சர் துறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "மாமாவுக்குக் கடைசி வரைக்கும் கஞ்சி ஊட்டினது நான். 'பெரியவ கிளம்பிட்டாளா, பெரியவ கிளம்பிட்டாளா'ன்னு அதையேதான் கேட்டாரு. இவரு, 'ஃபோன் பண்ணிட்டேம்பா, வந்துக்கிட்டே இருக்கா'ன்னு சொன்னாரு. பண்ணவே இல்ல. நான் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

மகள் அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறமா அழுதுக்கறேன்," என்றாள் பெரியவள் கடைசியில். "இப்ப அடுப்பு மூட்டணும்."

அப்பா வீட்டுச் சமையலறையில் எலிப்புழுக்கையும் டீசல் வாடையும். கேஸ் அடுப்பை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். போனால் போகட்டும், பின்கட்டில் விறகடுப்பு இருந்தது. பழைய படகுப் பலகைகள் ஒரு மூலையில் காய்ந்து கிடந்தன. துறையில் வாங்கி வந்த மீனைப் பெரியவள் வாசல்படியில் உட்கார்ந்து ஆய்ந்தாள். மகள் பானையைத் தேய்த்தாள். குழாயைத் திறந்ததும் கொஞ்சம் இருமிவிட்டுத் தண்ணீர் கொட்டியது.

"நீ சொன்ன மாதிரி இல்லையேம்மா," என்றாள் மகள். "இந்த ஊர்ல சோப்பு நுரைக்காதுன்னு சொன்ன. நல்லா நுரைக்குதே."

"நல்ல சோப்பா இருக்கும். பேசாம தேய்."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெரியவள் வளர்ந்த தீவின் கிணற்றில் பாதிக்குப் பாதி கடல். குடிக்கிற தண்ணீர் அக்கரையிலிருந்து படகில் வரும். சமைப்பது, துவைப்பது எல்லாம் கிணற்று நீரில், மோட்டார் போட்டுக் குழாயில் ஏற்றியது. அதில் சோறு வடித்தால் உப்பே போட வேண்டாம். குழம்புக்கு அக்கரையில் ஒரு கை என்றால் இங்கே ஒரு சிட்டிகை.

இன்னொரு விஷயமும் உண்டு. திருவிழாப் பானையைச் சமைத்தவர்கள் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. முதல் வாய் வந்தவர்களுக்கு. ஆகவே அளவு நாக்கில் இருந்து பிரயோஜனமில்லை, விரலில் இருக்க வேண்டும்.

குழம்பு கொதித்தது. பெரியவள் உப்பு ஜாடிக்குள் விரலை விட்டு ஒரே ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டாள். சோற்றுக்கு எதுவும் போடவில்லை.

"அவ்வளவுதானா?" என்றாள் மகள்.

"அவ்வளவுதான். இந்த ஊர்த் தண்ணிக்கு அவ்வளவுதான். பாத்தியா, எனக்கு எதுவும் மறக்கல."

அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. படகை விட்டு இறங்கியதிலிருந்து அவள் முதல்முறையாகச் சிரித்தது அப்போதுதான்.

ஈரப் பலகை கொஞ்சம் கலந்துவிட்டது போலிருக்கிறது, பின்கட்டிலிருந்து கன்னங்கரேலென்று புகை எழும்பித் தெருவுக்கே தெரிந்தது. மேடையில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்த தம்பிக்கும் தெரிந்தது. அவன் வந்து சேர்ந்தபோது, அப்பா எஞ்சின்களைப் பிரித்துப் போடுகிற இரும்புப் பெஞ்சை அம்மாவும் பெண்ணும் ஆளுக்கொரு முனையாக இழுத்து வாசலில் போட்டுவிட்டிருந்தார்கள். கிரீஸ் கறை தெரியாமல் மேலே ஒரு சேலை. சேலை மேல் பானை.

"கதவ யாரு திறந்துவிட்டா?"

"கதவு திறந்துச்சு. நாங்க உள்ள போனோம்," என்றாள் பெரியவள்.

"சாவி யாரு குடுத்தாங்கன்னு கேக்கறேன்."

"அடுப்பு எரியுதான்னு கேளு. அதுதான் விதி. போய்ப் பாத்துட்டு வா."

அவன் போய்ப் பார்க்கவில்லை. தெரு பார்த்துக்கொண்டிருந்தது. எதிர் வீட்டில் மேசை விரித்துக்கொண்டிருந்த அம்மாள் கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். அதற்குள் துறையில் மணி அடித்துக் கயிற்றை எடுத்துவிட, கூட்டம் தெருவுக்குள் வந்துவிட்டது.

பெரியவளின் மேசைக்கு முதலில் வந்தவர் கழுத்தில் கேமரா தொங்கவிட்ட ஒரு வயதான மனிதர். இலையை வாங்கிக்கொண்டு ஒரு வாய் வைத்தார். மென்றார். யோசித்தார். இன்னொரு வாய் வைத்தார்.

"நல்லாருக்கும்மா," என்றார் நல்ல மனுஷர். "பிரஷர் இருக்கறவங்களுக்காகத் தனியா பண்ணதோ?"

தம்பி சட்டென்று முன்னால் வந்தான். ஒரு கரண்டிக் குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தான். அவன் முகத்தில் வந்தது சந்தோஷம்தான், வேறு என்ன சொல்ல.

"உப்பே இல்ல," என்றான் தெருவுக்குக் கேட்கும்படி. "இந்தத் தீவுல பொறந்த கை வெச்ச குழம்பா இது? அக்கரை ஆஸ்பத்திரியில போடற சாப்பாடு. இதைத் தின்னுட்டுப் போறவங்க நம்ம ஊரப் பத்தி என்ன சொல்லுவாங்க? மேசைய எடுத்துடுங்க."

வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக அடுத்த வீட்டுக்கு நழுவினார்கள்.

பெரியவள் குழம்பை நாக்கில் வைத்துப் பார்த்தாள். சப்பென்று இருந்தது. சோற்றை எடுத்து வைத்தாள். அதுவும் அப்படியே. விரலில் அத்தனை நிச்சயமாக இருந்த அளவு எப்படிப் பொய்யாகும்?

"அம்மா," என்றாள் மகள் மெல்ல. "சோப்பு நுரைச்சுதே."

பெரியவள் விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போனாள். குழாயைத் திறந்து கையை ஏந்திக் குடித்தாள். நல்ல தண்ணீர். கடல் வாடையே இல்லாத, அக்கரைத் தண்ணீரை விடவும் சுத்தமான தண்ணீர். கொஞ்ச நேரம் குழாயைப் பிடித்தபடி குனிந்தே நின்றாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. அழுகையா கோபமா என்று கேட்டால், இரண்டும்தான்.

"இந்தத் தண்ணி எப்ப வந்துச்சு?"

"அப்பா இருக்கும்போதே வந்துடுச்சு," என்றான் தம்பி. "கடல் தண்ணிய சுத்தம் பண்ணி அதே குழாயில விடறாங்க. ஊர்ல எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்கும் தெரியும்," என்று திருப்பிச் சொன்னாள் பெரியவள்.

அப்புறம் குரலை எடுத்தாள். நெரிசல் நேரத்தில் பஸ்ஸின் கடைசி சீட்டு வரைக்கும் போகிற குரல்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. ஆமா, குழம்புல உப்பு இல்ல. கிணத்துத் தண்ணிக்கு என்ன போடணுமோ அதைத்தான் போட்டேன். எங்கம்மா விரல் புடிச்சுக் காட்டின அளவு. அக்கரைக்காரியா இருந்தா கை நிறைய அள்ளிப் போட்டிருப்பேன், குழம்பும் சரியா வந்திருக்கும். இந்தத் தப்ப இந்த ஊர்க்காரி மட்டும்தான் பண்ண முடியும்."

தெருவில் கரண்டிச் சத்தம் நின்றது.

"தண்ணி மாறினது எனக்குத் தெரியல. தெரியலைன்னா யாரும் சொல்லல. எங்கப்பா சாகக் கிடந்ததையே சொல்லாதவங்க, தண்ணி மாறினதையா சொல்லப்போறீங்க?"

எதிர் வீட்டு அம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும்தானே தெரியும். தெரு முழுக்கத் தெரியும்.

தம்பியின் முகம் கறுத்துவிட்டது. வாங்க, போங்க எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"நீ பேசுவக்கா. ஏன் பேச மாட்ட? நீ பாட்டுக்குப் படகேறிப் போயிட்ட. மறுநாள்லேர்ந்து இந்தத் தெருவுல தலை நிமிர்ந்து நடக்க முடியாம நடந்தது நான். அப்பா பேசறத நிறுத்தினாரு. அம்மா படுத்த படுக்கையானாங்க. எல்லாத்தையும் நான் ஒருத்தன்தான் பாத்தேன். அப்ப நீ எங்க இருந்த?"

"நீ பட்டது நிஜம்," என்றாள் பெரியவள். அவள் குரல் இறங்கிவிட்டது. "அதுக்கு அக்கரைக்கு வந்து என்ன நாலு அறை அறைஞ்சிருக்கலாம். வாங்கிக்கிட்டிருப்பேன். அப்பா மூஞ்சிய எங்கிட்டேர்ந்து மறைச்சிருக்கக் கூடாது. அவர் கேட்டாராம்டா. வந்துக்கிட்டே இருக்கான்னு நீ சொன்னியாம்."

யார் சொன்னார்கள் என்று தம்பியின் கண் கூட்டத்தில் தேடியது.

"சாவியும் நான்தான் குடுத்தேன். அதைச் சொன்னதும் நான்தான்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு டீச்சர் வந்தாள். பின்னால் அரைகுறையாக உடுப்பு மாட்டின பிள்ளைகள் இரண்டு, வேடிக்கை பார்க்க.

"நீ வீட்டுக்குப் போ," என்றான் தம்பி.

"நம்ம வீட்டு மேசையில ஆளில்ல. நீங்க போய் நில்லுங்க. நான் மாமா வீட்டு மேசையில நிக்கறேன்."

"எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்னுதான் வந்தேன். இத்தனை நாளா யாரும் பாக்காதப்ப வாய மூடிக்கிட்டிருந்தேன், அது போதும்."

டீச்சர் உள்ளே போய் உப்பு ஜாடியை எடுத்து வந்தாள். ஒரு கிண்ணத்தில் கொட்டி, பானைக்குப் பக்கத்தில் டங்கென்று வைத்தாள். வகுப்பில் பிரம்பை மேசையில் தட்டுகிற அதே தோரணை.

"உப்பு இங்க இருக்கு. வேணுங்கற அளவு அவங்கவங்களே போட்டுக்குங்க. வரிசையா வாங்க."

முதலில் வந்தது யார் தெரியுமா? மஞ்சள் பட்டைக்காரர் யாருமில்லை. எதிர் வீட்டு அம்மாள். திருவிழாவன்று தீவுக்காரர்கள் பரிமாறுவார்களே தவிர, இன்னொரு வீட்டு மேசையில் சாப்பிடுகிற வழக்கமே கிடையாது. அவள் தன் மேசையை அப்படியே விட்டுவிட்டுத் தெருவைக் குறுக்கே கடந்து வந்து இலையை நீட்டினாள். கண்டக்டர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. சோற்றைப் பிசைந்தாள், உப்புப் போட்டுக்கொள்ளாமலே ஒரு வாய் சாப்பிட்டாள்.

"சொல்லியிருக்கணும்மா," என்றாள் இலையைப் பார்த்தபடி. "நாங்களாவது சொல்லியிருக்கணும்."

"இன்னும் கொஞ்சம் குழம்பு விடறேன், புடிங்க," என்றாள் பெரியவள்.

அதற்கப்புறம் மறுபடி வரிசை சேர்ந்தது. கேமராக்காரர் திரும்பி வந்தார். அவருக்கு உப்புக் கிண்ணம் பிடித்துப்போய், அதையும் படம் எடுத்துக்கொண்டார். அடுத்த வீட்டிலிருந்து ஒருத்தி, அதற்கடுத்த வீட்டிலிருந்து புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர். பானை அடி தெரிகிற வரைக்கும் மூன்று பெண்களுக்கும் கை ஓயவில்லை. எல்லாத் தெருக்காரரும் வந்தார்கள் என்று நான் புளுக மாட்டேன். பாதிப் பேர் தலைவனுக்குப் பயந்து தங்கள் மேசையோடு நின்றுவிட்டார்கள். பாதி போதும்.

சாயங்காலம் மேடையில் ஆட்டம் முடிந்து, பட்டைக்காரர்கள் கடைசிப் படகுக்கு ஓடிக்கொண்டிருந்தபோது தம்பி வந்தான். தனியாக வந்தான். பெஞ்சின் மறுபக்கத்தில் நின்றான்.

"மேசை போட்டாச்சு. இந்த வருஷம் வாசல் தப்பிச்சுது, ஒத்துக்கறேன்," என்றான். "ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரு. திருவிழா அன்னிக்கு மட்டும் வந்து அடுப்பு மூட்டிட்டுப் போனா வீடு உன்னுதாயிடுமா? ஓட்டல்காரன் வாசல மட்டும் கேக்கல. வீட்டையே கேக்கறான். ஆளில்லாத வீடுன்னு நானும் பேசி முடிச்சுட்டேன். நாளைக்குக் காலையில ஆள் அனுப்பறான்."

டீச்சர் அதிர்ந்துபோய்ப் பார்த்தாள். அவளுக்கே இது புதுசு.

பெரியவள் சேலையை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"நாளைக்கும் மூட்டுவேன்."

"என்னது?"

"அடுப்ப. நாளைக்கும் மூட்டுவேன், நாளன்னைக்கும் மூட்டுவேன். ஆளில்லாத வீடுன்னுதானே சொன்ன? அவன் வரும்போது நான் இங்க நிப்பேன். உப்பும் சரியா போட்டிருப்பேன்."

தம்பி என்னவோ சொல்ல வாயெடுத்தான். படகின் ஊதல் அதை முழுங்கிவிட்டது. துறையில் கயிற்றை அவிழ்த்தார்கள். மகள் இரண்டு பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு, போவதா நிற்பதா என்று தெரியாமல் வாசலில் நின்றாள்.

"அம்மா, அப்பாகிட்ட கேட்டியா?"

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. அவர் ஓட்ட இவள் விசிலடிக்காத ஒரு நாளை இரண்டு பேருமே யோசித்ததில்லை. அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. அக்கரைத் துறையில், பஸ்ஸைத் திருப்பி நிறுத்திக்கொண்டு காத்திருக்கிற டிரைவர்.

"கடைசிப் படகு கிளம்பிடுச்சுன்னு சொல்றாங்க," என்றார். "ஏறிட்டீங்களா ரெண்டு பேரும்?"

படகு துறையை விட்டு விலகிக்கொண்டிருந்தது. பெரியவள் அதைப் பார்த்தபடியே பேசினாள்.

"ஏறலைங்க," என்றாள். "ஏறப்போறதும் இல்ல."

அந்தப் பக்கத்தில் பஸ் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் அதை அணைத்தார்.

"மறுபடி சொல்லு," என்றார்.